பதிவேட்டில் ஒரு வரி

சுவாவ்கியில் மாதக் கடைசி வெள்ளி.
தீயணைப்பு நிலையத்தின் பின்னறை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
ஏணி வண்டியின் டீசல் வாடையில்
எங்கள் ஈரக் காலுறைகள்
ஹீட்டர் மேல் வரிசையாகக் காய்கின்றன.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால்
ஒரு மன்னிப்பு வரவேண்டும், அது மரபு.
"வெளிச்சம் போதவில்லை" என்பார் கெர்வாஸி,
பொன்வெயிலில் குளிக்கும் கழுகைக் காட்டிக்கொண்டே.
"படகு ஆடிற்று" என்பான் லுதோமிர்.
விரால் அடிப்பானின் நகத்தில் மீன் துள்ளுகிறது,
மீனின் செதிலைக்கூட எண்ணலாம்.
யாருக்கு வேண்டும் இந்த அடக்கம்!
உள்ளுக்குள் வெந்தபடி
உரக்கக் கைதட்டுகிறோம்.

என் முறை.
ரயில் பாதையோரம் நான்கு மணிநேரம்,
முந்நூற்றுப் பன்னிரண்டு சொடுக்கல்,
பனிவெளியைத் தாழ்ந்து தடவிப் போன பூனைப்பருந்து.
என் கேமராவோ
முன்னால் இருந்த முள்கம்பியை நேசித்துவிட்டது.
ஒவ்வொரு முள்ளும் துல்லியம்.
பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று,
யாரோ ஊதிவிட்ட புகை மாதிரி.
"அருமையான கம்பி" என்றார் கெர்வாஸி.
சிரித்தோம். நானும்தான்.

எங்கே எடுத்தது என்று கேட்பதில்லை நாங்கள்.
கூடு இருக்கும் மரத்தை
மனைவியிடம்கூடச் சொன்னதில்லை லுதோமிர்.
"வடக்கே" என்பான். அதற்கு மேல்
இடுக்கி வைத்தாலும் வராது.

கடைசியில் போக்னா எழுந்தாள்.
இலையுதிர் காலத்துக்குப் பிறகு
இன்றுதான் வந்திருக்கிறாள்.
ஒரே ஒரு படம். மன்னிப்புக் கேட்கவில்லை.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே
புறா ஒன்றின் மேல் ஏறி நிற்கும் வல்லூறு.
சுற்றிலும் சிறகுத்தூள்.
மஞ்சள் கண் நேராக எங்களை முறைக்கிறது.

உடனே தொடங்கியது சண்டை.
மார்பில் செம்பட்டைக் கோடு, ஆண்.
இல்லை, இந்தப் பருமனைப் பார், பெண்.
ஆண் புறாவைத் தூக்குமா?
தூக்கவில்லையே, மிதித்துக்கொண்டுதானே இருக்கிறது!
ஸ்கேல் எடுத்துக்கொண்டு திரைக்கே போய்விட்டார் கெர்வாஸி.

நான் பார்த்தது வேறு.
பறவையின் வாலுக்கு வலப்பக்கம்
கண்ணாடியில் மங்கலாக ஒரு மேசை,
பீட்ரூட் சூப் கிண்ணம்,
பாதி தூக்கிய கரண்டி,
கரண்டிக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை.
அது யாரென்று தெரியாமல்,
அல்லது தெரிந்தும் நாக்கு முந்திக்கொண்டதில்,
சொல்லிவிட்டேன்:
"அந்தப் பிரதிபலிப்பு ஐந்து நிமிட வேலை.
கோப்பை அனுப்பு, துடைத்துத் தருகிறேன்."

ஹீட்டர் மட்டும் டக் டக்கென்றது.
கெர்வாஸியின் ஸ்கேல்
திரையிலேயே நின்றுவிட்டது.
அக்டோபரில் அந்தச் சவப்பெட்டியின் ஒரு முனையை
நாங்கள்தான் பிடித்திருந்தோம்,
அவரும் நானும்.

போக்னா கோபப்படவில்லை.
"வல்லூறு தினமும் வருகிறது" என்றாள்.
"அதை எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன.
இது மட்டும் இப்படியே இருக்கட்டும்."
பிறகு தன் பிளாஸ்கைத் திறந்து
எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்,
எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

வாக்கெடுப்பில் நான்குக்கு மூன்று, ஆண்.

பதிவேடு என் பொறுப்பு.
இனம்: வல்லூறு.
தேதி: செப்டம்பர் இருபத்தொன்பது.
இடம்: வீடு.
எண்ணிக்கை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
விதி விதிதான். ஒன்று என்று எழுதினேன்.

குறிப்புக்கு விட்டிருக்கும் கடைசிக் கட்டம்
பெரும்பாலும் காலியாகவே போகும்.
அதில் சின்ன எழுத்தில்:
கண்ணாடி வழியே.